ராக்கெட் கிளம்புவதை எங்கே நின்று பார்ப்பது? கேலரி, ஏரிக்கரை, தும்பா, மொட்டை மாடி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. வீட்டில் ஒன்பது வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய தாத்தா. பையனுக்கு ராக்கெட் கிளம்புவதை நேரில் பார்க்க வேண்டும். தாத்தாவுக்கு ராக்கெட், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். கையில் மூன்று நாள் லீவு. ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவா, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவா?

இந்த மாதிரிக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆசைகளை ஒரே பயணத்தில் முடிச்சுப் போடுகிறார்கள். ராக்கெட்டை நின்ற கோலத்தில் பார்ப்பது ஒன்று, கிளம்பும் கோலத்தில் பார்ப்பது இன்னொன்று. முதலாவது உங்கள் லீவுக்கு ஏற்ப நடக்கும். இரண்டாவதற்கு உங்கள் லீவைப் பற்றிக் கவலையே கிடையாது.

## எதை வைத்து அளப்பது

ஏவுதல் தள்ளிப்போனால் அந்த நாளில் என்ன மிஞ்சும்? மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

2019 ஜூலை 15, அதிகாலை 2.51. சந்திரயான்-2 கிளம்ப வேண்டிய நேரம். நான் அலாரம் வைத்து எழுந்து, பிளாஸ்க்கில் காபியோடு மொட்டை மாடி ஏறி, வடக்குத் திசையை 3.10 வரை முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் போனைப் பார்க்கத் தோன்றியது. கிளம்புவதற்கு 56 நிமிடம் இருக்கும்போதே கவுன்ட்டவுனை நிறுத்தியிருந்தார்கள். குடியரசுத் தலைவரே வந்து காத்திருந்த ஏவுதல் அது. ஜூலை 22 மதியம் 2.43க்குக் கிளம்பியது, அப்போது நான் ஆபீசில் இருந்தேன். எனக்குப் போனது கொஞ்சம் தூக்கம். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் 2023 அக்டோபர் 21 அன்று காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது. 8.45க்குத் தள்ளிப்போனது, கடைசி ஐந்து நொடியில் நின்றது, பிறகு 10 மணிக்குப் பறந்தது. 9 மணிக்கு மூட்டை கட்டியவருக்கு ஒன்றுமில்லை, பொறுத்திருந்தவருக்கு எல்லாம் கிடைத்தது.

எவ்வளவு தூரம்? ஒளி உடனே வந்துவிடும். ஒலிக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று நொடி ஆகும். ராக்கெட் பார்ப்பதில் பாதி அனுபவம் காதில்தான் இருக்கிறது, கொஞ்சம் நெஞ்சுக்கூட்டில். தூரம் கூடக் கூட முதலில் கரைவது அந்தப் பாதி.

காட்சிக்கு வைத்திருப்பது என்ன? நம் ஏவுகலங்கள் போனால் திரும்பி வருவதில்லை. அடுக்கடுக்காகக் கழன்று கடலில் விழுந்துவிடும். அதனால் இங்கே நிமிர்ந்து நிற்கிற பெரிய ராக்கெட்டுகள் மாதிரிகள். இது தெரியாமல் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

டிக்கெட்டுக்கு வெளியே என்ன செலவு? இந்தியாவில் ஏவுதலைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பணம் கரைவது வண்டியிலும், அறையிலும், வீணாகும் லீவிலும்.

## ஸ்ரீஹரிகோட்டா கேலரி

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நூல் நூற்கும் கதிர் வடிவில் கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 1971இல் ரோகிணி ராக்கெட்டோடு தொடங்கிய இடம். 2025 ஜனவரி 29 அன்று நூறாவது ஏவுதலைப் பார்த்துவிட்டது. பொதுமக்களுக்கான கேலரி 2019 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்எல்வி-சி45 ராக்கெட் ஏவுதலுக்குத் திறந்தது. ஐயாயிரம் பேர் உட்காரும் படிக்கட்டு அரங்கம், பக்கத்தில் ராக்கெட் தோட்டம், அருங்காட்சியகம்.

போவது எப்படி என்பது எளிது. ஏவுதல் தேதி அறிவித்த பிறகு இஸ்ரோ ஏவுதளத்தின் இணையப் பக்கத்தில் முன்பதிவு திறக்கும். பெயர் தெரிந்த பயணம் என்றால் இடம் மளமளவென்று தீர்ந்துவிடும். தட்கல் டிக்கெட் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்து சூளூர்ப்பேட்டை வரை மின்சார ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ஏரிக்குக் குறுக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்.

2024 புத்தாண்டு காலை 9.10க்கு எக்ஸ்போசாட் செயற்கைக்கோளோடு பிஎஸ்எல்வி-சி58 கிளம்பியது. அதைக் கேலரியிலிருந்து அக்கா மகனோடு பார்த்தேன். ஒலிபெருக்கியில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. மரங்களுக்கு மேலே ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று கொப்பளித்தது. வெல்டிங் பற்றவைப்பதைப் பார்ப்பது மாதிரி கண் கூசியது. ராக்கெட் எழுந்துவிட்டது, ஆனால் சத்தம் இல்லை. "மாமா, சவுண்டே வரல" என்றான். "எண்ணுடா" என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். பத்து விரலும் தீர்ந்து மறுபடி முதல் விரலுக்கு வந்த பிறகுதான் வந்தது. முதலில் தரை வழியாக ஒரு முனகல். அப்புறம் தகரக் கூரையில் யாரோ ஜல்லியைக் கொட்டிக்கொண்டே இருப்பது மாதிரி படபடவென்று. திட எரிபொருள் எரியும் சத்தம் ஒரே சீராக இருக்காது, கிழிந்து கிழிந்து வரும். பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இரண்டு நிமிடத்தில் நீலத்தில் ஒரு புள்ளி. வளைந்த வெள்ளைப் புகை மட்டும் காற்றில் கலையாமல் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தில் பாதி எழுந்து வண்டிக்கு ஓடியது. அதைச் செய்யாதீர்கள். எல்லோரும் ஒரே ஏரிச் சாலையில் வெளியேற வேண்டும். முதலில் ஓடியவரும் அங்கே போய் நிற்கத்தான் போகிறார். செயற்கைக்கோள் பிரியும் அறிவிப்பு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை உட்கார்ந்து, கைதட்டிவிட்டு, ராக்கெட் தோட்டத்தைச் சுற்றிவந்தால் சாலையும் காலியாகியிருக்கும், ஃபோட்டோவில் அடுத்தவர் தலையும் விழாது.

எந்த ராக்கெட் என்பதையும் பாருங்கள். இஸ்ரோவின் மிகப் பெரிய ராக்கெட்டான எல்விஎம்-3 என்றால் 640 டன் எடை. இரு பக்கமும் இருநூறு டன்னுக்கு மேல் திட எரிபொருள் நிரப்பிய இரண்டு பூஸ்டர்கள்தான் அதைத் தரையிலிருந்து கிளப்புகின்றன, நடுவில் இருக்கும் திரவ இயந்திரம் வானத்தில் போய்த்தான் பற்றும். ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் இது தலைகீழ்: பக்கத்துத் திரவ இயந்திரங்கள் ஏறத்தாழ ஐந்து நொடி முன்பே பற்றிவிடும், அதனால் கவுன்ட்டவுன் முடியும் முன்பே புகை தெரியும். சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி 120 டன்தான். முதல் முறை, ஒரே முறை போகிறவர் எல்விஎம்-3க்குக் காத்திருப்பது நல்லது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். பல மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். வெயில், கூட்டம், கழிப்பறை வரிசை. சூளூர்ப்பேட்டை சின்ன ஊர், நல்ல அறைகள் குறைவு. பெரிய ஏவுதல் என்றால் வாடகை ஏறும். தெலுங்கு தெரியாவிட்டாலும் தமிழிலேயே சமாளிக்கலாம், பேரம் பேசுவதுதான் கடினம். ஒரு முறை எங்களைக் கூட்டிவந்த வேன்காரர், சாலையில் நின்ற நேரத்துக்கு 'வெயிட்டிங்' என்று தனியாகக் கணக்குப் போட்டார். போகும்போதே மொத்தத் தொகையாகப் பேசி முடித்துவிடுங்கள்.

தள்ளிப்போனால் மிஞ்சுவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் நிறைய. ஏரிச் சாலையின் இரு பக்கமும் பூநாரைகள் நிற்கும், நெலப்பட்டு பறவைகள் சரணாலயமும் பக்கம்தான். மே மாதம் என்றால் வெயிலும் உப்புக்காற்றும்தான்.

## வெளியே நின்று பார்ப்பது: சூளூர்ப்பேட்டைப் பக்கம், பழவேற்காடு

முன்பதிவு கிடைக்காதவர்கள் இங்கேதான் வருகிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

சூளூர்ப்பேட்டை ஏவுதளத்துக்கு நேர் மேற்கே, வான்வழியில் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஒளி பிரமாதமாகத் தெரியும். சத்தம் ஒரு நிமிடம் கழித்து, ராக்கெட் எங்கேயோ போன பிறகு, பின்னணி இசை மாதிரி வரும். ஒரு சூட்சுமம்: விடியற்காலை ஏவுதல் என்றால் நீங்கள் கிழக்கே, சூரியனுக்கு எதிரே பார்த்து நிற்கிறீர்கள். மாலை ஏவுதல்களுக்கு இந்த இடம் நல்லது. ஏவுதல் நாளில் ஏரிச் சாலையில் வண்டியை ஓரங்கட்டினால் போலீஸ் நகர்த்திவிடும், ஊருக்குள்ளேயே ஏதாவது மாடியாகப் பாருங்கள்.

பழவேற்காடு வரைபடத்தில் பக்கம் மாதிரித் தெரியும், தீவின் தென்கோடி அங்கேதான் முடிகிறது. ஆனால் ஏவுதளம் வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். காற்று ஒத்துழைத்தால் ஒரு உறுமல் கேட்கும், அவ்வளவுதான். அப்படியும் நான் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் முதல் அளவுகோல்தான். ராக்கெட் கிளம்பாவிட்டாலும் நாள் வீணாகாது: டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், மதியத்துக்கு நண்டும் இறாலும். ஏவுதல் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக விடுவதில்லை. நாம் கைதட்டுகிற நாள் அவர்களுக்கு வருமானம் இல்லாத நாள். அன்று கரையில் நின்று பேச்சுக் கொடுத்தால் ஏவுதல்களைப் பற்றி வேறொரு கணக்குக் கேட்கக் கிடைக்கும்.

## தும்பா

திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமம். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் 1960களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தார்கள். மீனவக் கிராமத்தின் புனித மரிய மகதலேனா தேவாலயமும் பிஷப் இல்லமும் விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று இங்கிருந்துதான் இந்தியாவின் முதல் ராக்கெட், அமெரிக்கத் தயாரிப்பான நைக்கி-அப்பாச்சி, கிளம்பியது. ராமேஸ்வரத்துக்காரரான கலாம் அந்தக் குழுவில் இருந்தார். ராக்கெட் பாகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற அந்தப் புகழ்பெற்ற படம் இந்த ஊருடையது.

அந்தத் தேவாலயம்தான் இன்று விண்வெளி அருங்காட்சியகம். வெளியே தோட்டத்தில் ராக்கெட் மாதிரிகள், உள்ளே செயற்கைக்கோள் மாதிரிகளும் இயந்திர விளக்கங்களும். எனக்கு அங்கே பெரிய காட்சிப்பொருளே அந்தக் கட்டடம்தான். பீடம் இருந்த கூடத்தில் நின்று ராக்கெட் படம் பார்க்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம், இங்கேயும் ஏவுதல் பார்க்கலாம். வளிமண்டல ஆய்வுக்காக ஆர்எச்-200 என்ற சின்ன ராக்கெட்டை அனுப்புகிறார்கள். வழக்கமாக மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, முன்பதிவு செய்தவர்களை அனுமதிப்பார்கள். கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விட்டம் 200 மில்லிமீட்டர், நீளம் மூன்றரை மீட்டர் சொச்சம், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2022 நவம்பரில் தொடர்ந்து இருநூறாவது வெற்றியைத் தொட்டது, இஸ்ரோவின் எந்தப் பெரிய ராக்கெட்டுக்கும் இல்லாத பெருமை.

ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள். பிஎஸ்எல்வி எழும், இது பாயும். ஒரு சீறல், ஒரு வெள்ளைக் கோடு, முடிந்தது. கேமராவைத் தூக்குவதற்குள் போய்விடும். டிவியில் எல்விஎம்-3 பார்த்து வளர்ந்த பையன் "இவ்ளோதானா?" என்று கேட்கலாம். புதன்கிழமை என்பதால் பள்ளிக்கு லீவும் போட வேண்டும். ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தள்ளிப்போனால்? அருங்காட்சியகம் இருக்கிறது, நகரத்தில் கோளரங்கமும் உயிரியல் பூங்காவும் இருக்கின்றன, மாலையில் கடற்கரை இருக்கிறது. முதல் அளவுகோலில் தும்பாவை அடிக்க ஆளில்லை.

## சென்னை மொட்டை மாடி

வான்வழியில் எழுபது கிலோமீட்டருக்கு மேல். பூமி வளைவினால் முதல் சில நொடிகள் தெரியாது. அப்புறம் வடக்கு அடிவானத்திலிருந்து நெருப்புப் பொட்டு ஒன்று எழுந்து வலது பக்கம், கடலை நோக்கிச் சாயும். சத்தம் சுத்தமாக இல்லை. மேகம் மறைத்தால் ஒன்றுமே இல்லை. கேலரியில் மேகம் மறைத்தாலும் சத்தம் மிச்சம். இங்கே அந்த ஆறுதலும் கிடையாது.

இரவு ஏவுதலுக்கும், சூரியன் மறைந்த சற்று நேரத்தில் நடக்கும் ஏவுதலுக்கும் மட்டும் இது தனி அழகு. தரையில் இருட்டு, மேலே போன புகையில் வெயில்; வானத்தில் ஜெல்லிமீன் விரித்த மாதிரி ஒளிரும். செலவு காபித்தூள். தள்ளிப்போனால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். போனில் நேரலையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், என்னை மாதிரி 3.10 வரை நிற்க வேண்டாம்.

## பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால்

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தையும் கேட்கிறார்கள். கண்காட்சி என்ற ஒரே அளவுகோலில் அதற்குப் போட்டியே இல்லை. 33 முறை விண்வெளிக்குப் போய்வந்த அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் உடம்பில் சூட்டுத் தழும்புகளோடு சாய்ந்து நிற்கிறது. நிலாப் பயணத்துக்கான சாட்டர்ன்-5 ராக்கெட் 110 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதன் மூன்று அடுக்குகளில் இரண்டு நிஜமாகவே பறப்பதற்கென்று செய்யப்பட்டு, திட்டம் ரத்தானதால் தங்கிப்போனவை. ஏவுதல்களும் அங்கே அடிக்கடி. 2024இல் அந்தக் கடற்கரையிலிருந்து 93. அதாவது ஒரு வாரம் தங்கினால் ஒன்றாவது பார்க்க வாய்ப்பு உண்டு.

நுழைவுச்சீட்டுக்குக் காசு, வண்டி நிறுத்தம் தனி, நெருங்கி நின்று ஏவுதல் பார்க்கும் சீட்டும் பல நேரம் தனி. டைட்டஸ்வில் ஊரின் ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்து இலவசமாகவே பார்க்கலாம். இதற்கென்றே இங்கிருந்து விசா எடுத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாசாவின் நிலாப் பயணச் சோதனையான ஆர்டெமிஸ்-1 ஆகஸ்ட் 29, 2022 அன்று நின்று, செப்டம்பர் 3 அன்றும் நின்று, நவம்பர் 16 அன்றுதான் போனது.

## ஒரே பார்வையில்

| | சத்தம் | காட்சிப்பொருள் | தள்ளிப்போனால் | யாருக்கு |
|---|---|---|---|---|
| கேலரி | நெஞ்சில் அதிரும் | மாதிரிகள் | குளிர்காலத்தில் பறவைகள் | சென்னையை ஒட்டியவர்கள், மறுபடி வர முடிந்தவர்கள் |
| சூளூர்ப்பேட்டை | ஒரு நிமிடம் கழித்து | இல்லை | அதே பறவைகள் | பதிவு கிடைக்காதவர்கள் |
| பழவேற்காடு | உறுமல், அதுவும் காற்றைப் பொறுத்து | இல்லை | கல்லறைத் தோட்டம், நண்டு | ஒருநாள் உலா போகிறவர்கள் |
| தும்பா | ஒரு சீறல் | மாதிரிகள், பழைய தேவாலயம் | நாள் முழுக்க வேலை இருக்கும் | தெற்கே, மேற்கே இருப்பவர்கள், முதியவர்கள் |
| மொட்டை மாடி | இல்லை | இல்லை | தூக்கம் | சென்னைவாசிகள், இரவு ஏவுதலுக்கு |
| கென்னடி | நெருக்கத்தைப் பொறுத்து | பறந்து திரும்பிய நிஜக் கலம் | கண்காட்சியே போதும் | எப்படியும் அங்கே போகிறவர்கள் |

தென் மாவட்டக்காரர்கள் குலசேகரன்பட்டினத்தைக் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தளம், எஸ்எஸ்எல்விக்கானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். தூத்துக்குடிக் கரையிலிருந்து நேரே தெற்கே போய்விடலாம். அங்கே ஏவுதல்கள் தொடங்கிய பிறகு இந்தக் கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதுவரை அதை நம்பி லீவு போடாதீர்கள்.

## கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு

இந்த மூன்று நாளைத் தும்பாவுக்குக் கொடுங்கள். இரவு ரயிலில் ஏறி இறங்கினால் திருவனந்தபுரம், தாத்தாவுக்கு வெயிலில் காத்திருக்கும் வேலை இல்லை. லீவில் மூன்றாவது புதன் விழுந்தால் பையனுக்கு ஒரு சீறலும் கிடைக்கும்.

எல்விஎம்-3 ஏவுதலைத் தனியாக வையுங்கள். அப்பாவும் பையனும் மட்டும், சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, திரும்பும் டிக்கெட்டை ஏவுதல் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி எடுத்து. குடையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் தெரிந்ததும் பையனை எண்ணச் சொல்லுங்கள். அவன் எண்ணுவதை மறந்துவிடுவான், நீங்கள் எண்ணுங்கள்.